றெஜினா வீட்டில் டொஸ் ஐந்து

கொழும்புத்துறையில் மின்சாரம் நின்று இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தபோது, மரியரட்ணத்தின் மகள் றெஜினா தன் வீட்டு முன்னறையில் ஒரு கணனியை வைத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். கேள்விப்பட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். கரண்ட் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவள், நாளைக்குத் தரையில் வள்ளம் ஓட்டவும் படிப்பிப்பாள் என்று கடற்கரையில் ஒருவர் சொன்னார். அந்தப் பகிடி அவள் காதுக்கும் வந்தது. சொன்னவரின் மகளே அடுத்த மாதம் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள்.

கணனி, நோர்வேயில் இருக்கும் தம்பி யூஜின் அனுப்பியது. தொண்ணூறாம் ஆண்டுத் தொடக்கத்தில், பாதை திறந்திருந்த சில மாதங்களுக்குள், கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கியது. கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்த அக்கா, வீட்டிலிருந்தபடியே நாலு எழுத்து அடித்துப் பிழைக்கட்டும் என்பது அவன் நினைப்பு. பெட்டி பிரித்த சில மாதங்களில் சண்டை மூண்டது. கரண்ட் போனது. கந்தோரும் செல் விழுந்து மூடிக் கிடந்தது.

றெஜினாவைக் கெட்டிக்காரி என்று சொல்வதற்கில்லை. ஒன்றை விளங்கிக்கொள்ள மற்றவர்களைவிட அவளுக்குக் கூடுதல் நேரம் எடுக்கும். விளங்கிவிட்டதென்று நடிக்க அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கணனியோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தைத் தினம் ஒரு பக்கமாக வாசித்தாள். விளங்காத பக்கத்தை அடுத்த நாளும் வாசித்தாள். சில பக்கங்களில் ஒரு கிழமை நின்றிருக்கிறாள். இப்படிப் படித்தவளுக்குப் பிறரைப் படிப்பிக்க முடிந்ததில் வியப்பில்லை. பிள்ளைகள் எங்கே இடறுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அங்கெல்லாம் அவள் முன்பே விழுந்திருந்தாள்.

வகுப்புக்குக் கரண்ட் தந்தவர் கிறகோரி. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர், கடலில் தடை வந்த பிறகு ஒரு ஜெனரேட்டரையும் ரி.வி.யையும் வீடியோ டெக்கையும் வைத்து வீடு வீடாகப் படம் ஓட்டிப் பிழைத்தார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் றெஜினா வீட்டு வேலிக்கரையில் அந்த ஜெனரேட்டர் வந்து நிற்கும். கொஞ்சம் பெற்றோலில் உயிர் பிடித்து, பிறகு மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும்.

ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடினால் அக்கம்பக்கத்து வயர்கள் வேலிக்கு மேலால் வரும். அந்த நாட்களில் அது வழக்கமாகிப் போயிருந்தது. யாரும் கேட்பதில்லை. கேட்பது ஒருவகையில் மரியாதைக் குறைவு. ஒருவர் பற்றறி ஏற்றுவார், ஒருவர் றேடியோ கேட்பார், இன்னொருவர் வீட்டில் மா அரைபடும். பதிலுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வந்துவிடும். அந்தப் போத்தல்கள் இல்லாவிட்டால் வகுப்பே இல்லை. பாரம் கூடி ஜெனரேட்டர் திணறும்போது கணனி சில தடவை நின்றுபோகும். பிள்ளைகள் சிரிப்பார்கள். திரும்பப் போட்டால் வேலை செய்யும். அதனால் யாருக்கும் அது பெரிய விசயமாகப் படவில்லை.

தொண்ணூற்றிரண்டில் அது பெரிய விசயமானது. பிள்ளைகள் எடுக்கப்போகும் டிப்ளோமாச் சோதனையின் பாடத்திட்டம் மாறிவிட்டது. இனிக் கேள்விகள் டொஸ் ஐந்தில். றெஜினாவின் கணனியை எழுப்பி நடத்திக்கொண்டிருந்ததோ டொஸ் மூன்று தசம் மூன்று.

இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் சீவரத்தினம் மாஸ்ரர். கோப்பாய்க்காரர், பட்டணத்தில் ரியூட்டரி நடத்துபவர். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்காமலே கதைத்தார்.

“தங்கச்சி, உம்மட்டைப் படிக்கிற பிள்ளையள் சோதினையிலை முழிக்கப் போகுதுகள். நாலைஞ்சு தாய்தேப்பன் என்னட்டை வந்து விசாரிச்சிட்டினம்.”

“நான் அஞ்சு போடுறன் மாஸ்ரர்.”

“போடுறதெண்டால்? தோசைக்கு உளுந்து போடுற மாதிரியே? எங்கடை மெசினுகளுக்குக் கொழும்பிலையே போட்டுத்தான் கொண்டுவந்தது. இடையிலை கரண்ட் விட்டால் பழசும் இல்லை, புதுசும் இல்லை. பேந்து அதுக்கு மேலை பூச்சாடி வைக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கினார். “உம்மடை தம்பி எனக்கு எழுதினவர். நீர் வெளிக்கிடுறதெண்டால் மெசினை நானே எடுக்கிறன். நல்லாய் இருக்கேக்கை தாரும்.”

மாஸ்ரர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அதுதான் றெஜினாவுக்குக் கூடுதலாகச் சுட்டது.

யூஜினுக்கு அங்கே இரண்டு சின்னப் பிள்ளைகள். அவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அக்கா வந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள், அக்காவுக்கும் பாதுகாப்பு. ஊரில் தனியாக இருந்து என்ன செய்கிறாள் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கேட்டதிலும் அன்பு இருந்தது. ஆனால் அந்த அன்புக்குள் றெஜினாவுக்கென்று ஒரு மேசை இல்லை. தம்பி வீட்டில் தான் எந்த அறையில் படுப்பாள், எத்தனை மணிக்கு எழும்புவாள் என்றெல்லாம் அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. இழுபறி தாங்காமல் ஒருநாள் அவளே எழுதிவிட்டாள்: மார்கழி நத்தாருக்குள் வகுப்பு நின்றுபோனால் வருகிறேன். கொடுத்த சொல்லை மாற்றும் பழக்கம் அவளுக்கு இல்லை. இப்போது வகுப்பு நிற்கப் பார்த்தது.

டொஸ் ஐந்தின் பிளொப்பிகள், கொழும்புக்குப் போய்வந்த ஒருவரின் சேட்டுகளுக்குள் பொதிந்து, கொம்படி வெளியின் முழங்கால் தண்ணீரைக் கடந்து வந்து சேர்ந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஈரம் பட்டிருக்கிறதா என்று முகத்தருகே பிடித்துப் பார்த்தாள். பழைய கோப்புகளைப் பிரதி எடுத்து வைத்தாள். பிறகு வேலி வேலியாகப் போனாள்.

“வாற சனிக்கிழமை ஒருத்தரும் வயர் கொழுவாதேங்கோ. அந்த ஒரு பின்னேரம் மட்டும்.”

எல்லோரும் ஓம் என்றார்கள். இரவில் துணைக்கு அவள் வீட்டில் வந்து படுக்கும் மரியநாயகி மாமியும் ஓம் என்றாள். மாமி, றெஜினாவின் தகப்பனுடன் பிறந்தவள். அடுத்த வளவில் மகன் குடும்பத்தோடு இருப்பவள்.

சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. கிறகோரி அண்ணை வெளியே ஜெனரேட்டருக்குக் காவல் இருந்தார். திரையில் பச்சை எழுத்தில் ஒவ்வொரு கேள்வியாக வந்தது. ஒரு வெறும் பிளொப்பியைக் கேட்டது. பழைய டொஸ்ஸின் முக்கியமான பகுதிகளை அதில் எடுத்து வைத்துக்கொண்டது. பிறகு புதியதை ஏற்றத் தொடங்கியது. ஒரு கோடு இடமிருந்து வலமாக மெல்ல நீண்டது. றெஜினா முதல் பிளொப்பியை எடுத்து இரண்டாவதைப் போட்டாள். இரண்டாவதை எடுத்து மூன்றாவதைப் போட்டாள்.

அறையில் எரிந்த குமிழ் திடீரென்று நெருப்புத் தணல் போலச் சிவந்து இறங்கியது. ஜெனரேட்டர் அடித்தொண்டையில் முனகியது. திரையிலிருந்த எழுத்துகள் நாலு பக்கமும் உள்ளே சுருங்கி, ஒரு புள்ளியாகி, அதுவும் இல்லாமல் போனது.

“ஆரடா கொழுவினது!” என்று வெளியே கிறகோரி கத்தினார்.

ஜெனரேட்டர் திரும்ப மூச்சுப் பிடித்தது. குமிழ் ஏறியது. கணனியும் எழுந்து உறுமியது. ஆனால் திரையில் ஒரே ஒரு வரிதான் வந்தது. தொடங்குவதற்குத் தன்னிடம் எதுவும் இல்லை என்று அது சொன்னது. அணைத்துப் போட்டாள். அதே வரி. கணனியோடு வந்த பழைய தொடக்கப் பிளொப்பியைத் தேடி எடுத்துப் போட்டாள். உப்புக்காற்றில் அது பூஞ்சணம் பிடித்திருந்தது, கரகரத்ததோடு சரி.

மரியநாயகி மாமி ஒரு கையில் வெள்ளைச் சட்டையோடு வேலிப் பொட்டால் வந்தாள்.

“என்ன பிள்ளை, உவன் கிறகோரி ஏன் குலைக்கிறான்?”

“மாமி, நீங்கள் வயர் கொழுவினனீங்களோ?”

“ஓம், எப்பன் நேரம். நாளைக்கெல்லே பேத்தி கோயிலிலை முதல் நன்மை வாங்கிறாள். கரிப்பெட்டியாலை மினுக்கப் போகப் பொறி பறக்குது. வெள்ளைச் சட்டையடி! ஒரு ஓட்டை விழுந்தால் வேறை துணிக்கு எங்கை போறது? அதுதான் அந்தக் கரண்ட் அயனை எடுத்துக் கொழுவினனான்.”

“நான் சொன்னனான் எல்லே?”

“சொன்னனீதான். நானும் ஓமெண்டனான்தான். ஒரு சட்டை மினுக்க உந்தப் பெரிய சாமான் செத்துப்போகுமெண்டு ஆர் கண்டது? கிணத்திலை ஒரு வாளி அள்ளினால் கிணறு வத்திப் போகுமே?”

“ஒரு வாளியோ?” என்று கிறகோரி யன்னலுக்குள் தலையை நீட்டினார். “அயன் பெட்டியெண்டால் ஒரு வாளி இல்லை மாமி. அது கிணத்தைப் பேத்துக்கொண்டு போற வேலை.”

“நீ பொத்து வாயை. உன்ரை மெசின் சொத்தி எண்டு சொல்லன்.”

றெஜினா சட்டையைப் பார்த்தாள். ஒரு கை மினுக்கி முடிந்திருந்தது. மற்றக் கை சுருங்கிக் கிடந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அது போய் நிற்க ஓர் ஆள் இல்லை. மாமி பொய் சொல்லவில்லை. ஓம் என்றபோது ஓம் என்றுதான் நினைத்தாள். கரண்ட் வந்தால் கொழுவுவது என்பது இரண்டு வருடமாகக் கைக்குப் பழகியது. நெஞ்சு கொடுத்த வாக்கைக் கை கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

“மற்றக் கையையும் மினுக்குங்கோ மாமி,” என்றாள். “இனி ஓடினால் என்ன, ஓடாட்டில் என்ன.”

மாமி சட்டையைக் கசங்காமல் ஏந்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

செய்தி பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. அடுத்த நாள் முதல் நன்மைச் சாப்பாட்டிலேயே அதுதான் கதை. கிழமை நடுவில் மாஸ்ரர் வந்தார். இந்தத் தடவை சைக்கிளை விட்டு இறங்கினார்.

“கேள்விப்பட்டன். நான் ஒண்டும் சொல்லேல்லை. அப்பிடியே தாரும், எங்கடை பெடியள் பிரிச்சுப் பாப்பாங்கள். திரையாவது உதவும்.”

“இன்னும் சாகேல்லை மாஸ்ரர்.”

“எழும்பாதது வேறை என்ன?”

“எழுப்பிப் பாக்கேல்லை,” என்றாள் அவள்.

வெறும் வீம்பு அல்ல அது. பழையதின் பகுதிகளை எடுத்து வைத்த பிளொப்பி ஒன்று இருந்தது. வேலை நடுவில் அறுந்தால் அதை வைத்துத் தொடங்கு என்று புத்தகம் சொன்னது. அதில் எல்லாம் பழுதில்லாமல் பதிந்திருக்கிறதா என்பது மட்டும் தெரியாது. அந்தப் பக்கத்தை அவள் கிழமை முழுவதும் வாசித்தாள்.

மீதிக் கேள்வி வயர்களைப் பற்றியது. திரும்பவும் வேலி வேலியாகப் போய்க் கேட்கலாம். திரும்பவும் ஓம் என்பார்கள். அந்த ஓமில் எந்தக் கள்ளமும் இராது. ஆனால் மனிதர்கள் நல்லவர்கள் என்பதும் அவர்கள் வயர் கொழுவமாட்டார்கள் என்பதும் இரண்டு வேறு விசயங்கள் என்று அவள் இப்போது கண்டிருந்தாள். வயர்களை வெட்டி எறியலாம். எறிந்தால் மண்ணெண்ணெய்ப் போத்தல்கள் நிற்கும், வகுப்பும் நிற்கும். வீடுகளில் ஆட்கள் இல்லாத நேரம் ஒன்று வேண்டும். அப்படி ஒரு நேரம் அந்தக் கோயிற் பங்கில் கிழமைக்கு ஒருமுறைதான் வரும். அது பூசை நேரம். நினைவு தெரிந்த நாளிலிருந்து, காய்ச்சலும் செல்லடியும் தவிர்ந்தால், ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அவள் தவறவிட்டதில்லை.

கிறகோரியிடம் சொன்னபோது அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

“பூசை நேரமோ? உனக்கென்ன விசரோ? கோயிலுக்குள்ளை சத்தம் கேக்கும்.”

“கேக்கட்டும்.”

“சுவாமி பிரசங்கத்திலை என்னைத்தான் பேசப்போறார்.”

“நான் கூப்பிட்டுத்தான் வந்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ அண்ணை.”

கிறகோரி பீடியைத் தரையில் நசுக்கினார். “சரி போ. உன்னோடை நானும் நரகத்துக்கு வாறன். அங்கையும் கரண்ட் இராது, ஒரு மெசின் தேவைப்படும்.”

ஞாயிறு காலை மாமி சேலை உடுத்து, தலைக்கு முக்காடிட்டு வாசலில் நின்றாள்.

“வெளிக்கிடேல்லையே?”

“நான் வரேல்லை மாமி.”

“காய்ச்சலோ?”

“இல்லை. டொஸ் போடப் போறன்.”

மாமி முக்காட்டை இழுத்துவிட்டாள். “கொப்பர் இருந்திருந்தால்…”

“இருந்திருந்தால் அவர் பூசைக்குப் போயிருப்பார். நான் நிண்டிருப்பன்.”

மாமி படலையைச் சாத்தாமலே போனாள். தெரு முழுவதும் செருப்புச் சத்தமும் பிள்ளைகளை அதட்டும் சத்தமும் கோயில் பக்கமாகப் போய் ஓய்ந்தன. ஊரில் நாய்கள் மட்டும் மிஞ்சின. றெஜினா வேலியில் தொங்கிய வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டிக் கதியாலில் கொழுவினாள். கிறகோரி ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார்.

பழையது பதிந்த அந்தப் பிளொப்பியை அவள் மெதுவாக உள்ளே தள்ளி நெம்பைத் திருப்பினாள். உள்ளே தட்டு சுற்றும் சத்தம் கேட்டது. நின்றது. திரும்பச் சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. அவள் செபிக்கவில்லை. பூசையை விட்டுவிட்டு வந்து இங்கிருந்து செபிப்பது சரியாகப் படவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு எழுத்துகள் வந்தன. வேலை நடுவில் அறுந்திருக்கிறது என்றது. இனி இரண்டு வழி என்றது: பழையதை இருந்தபடி மீட்டுத் தரவா, விட்ட இடத்திலிருந்து புதியதைத் தொடரவா?

“என்னவாம்?” என்று யன்னலுக்குள்ளால் கிறகோரி கேட்டார்.

“உயிர் இருக்காம். திரும்பிப் போறியோ, மேலை போறியோ எண்டு கேக்குது.”

“திரும்பு பிள்ளை! கெதியாய்த் திரும்பு. தப்பினது காணும்.”

புத்தகத்தில் இதுவும் இருந்தது. பல தடவை வாசித்தும் இருந்தாள். ஆனால் வாசிக்கும்போது அது ஒரு வாக்கியமாக இருந்தது. இப்போது பதில் கேட்டது. திரும்பினால் கணனி பிழைக்கும். நல்லாய் இருக்கும்போதே மாஸ்ரருக்குக் கொடுக்கலாம். யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். தம்பி பயணத்துக்கு ஒழுங்கு செய்வான். தொடர்ந்தால், அதே மண்ணெண்ணெய், அதே இருமல் பிடித்த ஜெனரேட்டர், அதே தண்ணீரைக் கடந்து வந்த பிளொப்பிகள். இரண்டாம் முறையும் அறுந்தால் இந்தத் தட்டு கைகொடுக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தப்புவதற்கும் இருப்பதற்கும் நடுவில் ஒரு வித்தியாசம் உண்டு என்று அவள் நினைத்தாளோ என்னவோ. நினைத்திருந்தாலும் அதைச் சொல்லத் தெரிந்த ஆள் இல்லை அவள். தொடரச் சொல்லும் விசையை அழுத்தினாள்.

“விசரி,” என்றார் கிறகோரி.

கோடு நீளத் தொடங்கியது. மூன்றாவது பிளொப்பி. நான்காவது. நான்காவதில் ஜெனரேட்டர் விக்கியது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்க வேண்டும். குமிழ் மங்கி ஏறியது, மங்கி ஏறியது. கிறகோரி குந்தியிருந்து ஜெனரேட்டரின் வேகக் கம்பியை விரலால் இழுத்துப் பிடித்து, அது சாகப் போகும்போதெல்லாம் தூக்கிவிட்டார். “சாகாதை… சாகாதையடி என்ரை ராசாத்தி,” என்று அவர் கெஞ்சுவது உள்ளே கேட்டது. அப்போதுதான் கோயிலில் எழுந்தேற்ற மணி அடித்தது. கிறகோரி கம்பியை விடாமல், மற்றக் கையால், எண்ணெய்க் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டார். றெஜினா ஐந்தாவது பிளொப்பியைப் போட்டாள்.

கடைசிப் பிளொப்பியை எடுத்துவிட்டு அணைத்துப் போடச் சொன்னது. அணைத்தாள். போட்டாள். கணனி உறுமி, எண்ணி, தன் சொந்த நினைவிலிருந்து எழுந்தது. உன்னுடைய பதிப்பு என்ன என்று தட்டிக் கேட்டாள். ஐந்து என்றது.

பெரிய சந்தோசம் ஒன்றும் வரவில்லை. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

பூசை விட்டுச் சனம் திரும்பியது. மாமி முக்காட்டை எடுக்காமலே யன்னலடியில் வந்து நின்றாள்.

“எழும்பிட்டுதோ?”

“எழும்பிட்டுது மாமி.”

“சுவாமி பிரசங்கத்தை நிப்பாட்டிப்போட்டு உன்ரை மெசின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிண்டவர். கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பாத்தது. என்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?”

“உங்களுக்கு அது வெக்கம்தான் மாமி. எனக்கு வேறை நேரம் இல்லை.”

“உனக்கு நேரம் இல்லாமல் செய்தது ஆர் எண்டு எனக்குத் தெரியும்,” என்று மாமி யன்னல் கம்பியைப் பார்த்துச் சொன்னாள். “பிட்டு அவிச்சுக் கிடக்கு. வந்து தின்.”

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். இதற்கிடையில் மாஸ்ரரின் ரியூட்டரிக்குப் போன இரண்டு பிள்ளைகள் திரும்பி வரவில்லை. புதிய டொஸ்ஸை விளங்கிக்கொள்ள றெஜினாவுக்கே மாரி முழுவதும் பிடித்தது. வகுப்பில் சில நாள் பிள்ளைகளுக்கு முன்னாலேயே தடுமாறினாள். சோதனையில் ஒருத்தி தவறினாள், மற்றவர்கள் ஒருவாறு தேறினார்கள். நத்தார் வந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வகுப்பு நிற்கவில்லை, அதனால் வரவில்லை என்று தம்பிக்கு எழுதினாள். அவன் கோபித்து நெடுநாள் பதில் போடவில்லை. அது அவளுக்கு நோகத்தான் செய்தது.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, அந்த ஞாயிற்றுக்கு அடுத்த கிழமை, அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

“ஞாயிற்றுக்கிழமைப் பூசை காணாமல் விட்டன், சுவாமி.”

“அது எனக்கும் கேட்டது,” என்றார் சுவாமி, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “செய்ததுக்கு மனஸ்தாபப்படுகிறாயா பிள்ளை?”

றெஜினா யோசித்தாள். ஓம் என்று சொல்வது மிகவும் இலேசு. ஊர் முழுவதும் இலேசாகச் சொன்ன ஓம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவள் கண்டிருந்தாள்.

“இல்லை சுவாமி.”

“பிறகேன் வந்தனீ?”

“செய்தது பிழையெண்டு தெரியும். திரும்ப அப்பிடி ஒரு நாள் வந்தால் திரும்பவும் செய்வன். ரெண்டையும் சொல்லாமல் நன்மை எடுக்க ஏலாது. அதுதான் வந்தனான்.”

வெளியே வரிசையில் யாரோ செருமினார்கள்.

“நீ பிழையெண்டு அறிஞ்சு வந்து நிக்கிறாய். மிச்சத்தை ஆண்டவர் பாத்துக்கொள்ளட்டும்,” என்றார் சுவாமி. “விட்ட பூசைக்குப் பதிலாய் வாற சனிக்கிழமைப் பின்னேரப் பூசையை வந்து ஒப்புக்கொடு.”

“சனிக்கிழமை வகுப்பு, சுவாமி,” என்றாள் றெஜினா. “வெள்ளிக்கிழமை வாறன்.”